புலோர் பின்ஹசோவா கை காட்டி நிறுத்திய சாலை

தாஷ்கெண்டில் எட்டாம் எண் டிராலிபஸ்ஸைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவள் புலோர் பின்ஹசோவா. மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் வண்டி அது. பனி விழும் நாளில் கூரைக் கழி கம்பியை விட்டு நழுவி, வண்டி நட்டநடுத் தெருவில் நின்றுவிடும். புலோர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்குவாள், பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து, கழியை மறுபடி கம்பியில் மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து உட்காருவாள். உள்ளே எழுபது பேர் இருப்பார்கள். ஒருவர்கூட முனக மாட்டார். முனகினால் என்ன கிடைக்கும் என்று அந்தத் தடத்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு இலையுதிர்காலத்தில் அவள் கணவன் நிசோனுடனும் மகள் லூபாவுடனும் நியூயார்க்குக்கு வந்து, குவீன்ஸ் பக்கம் ரீகோ பார்க்கில் குடியேறினாள். ஆறாவது மாடி, இரண்டு அறை. அந்தக் கட்டிடத்தில் பாதிப் பேர் தாஷ்கெண்ட், சமர்கண்ட், புகாரா யூதர்கள்தான். படிக்கட்டில் இறங்கினாலே நாலு வீட்டுப் பலாவ் சோற்று வாசனை வரும். நிசோன் முடிதிருத்துபவன். வந்த இரண்டாவது வாரமே கத்தரிக்கோலும் கையுமாக ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டான். லூபாவுக்கு இருபத்தொரு வயது, செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். நாற்பத்து நாலு வயதில், ஆங்கிலம் தெரியாத டிராலிபஸ் ஓட்டுநர்தான் அந்த ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் புலோருக்குக் கிடைத்தது.

"பன்னெண்டு டன் வண்டி ஓட்டின கை இது. இப்ப சக்கர நாற்காலி ஓட்டுது. பரவால்ல, இதுலயும் பிரேக் இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் எதையும் ஓட்டாமல் இருக்கிறோமே என்ற குறை அவளுக்கு உள்ளூர இருந்தது.

அவர்கள் கட்டிடத்துக்கு முன்னால் பெரிய சாலை. பன்னிரண்டு வண்டித்தடம். இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் ஜெப ஆலயம், ரொட்டிக் கடை, மருத்துவமனை, மருந்துக்கடை. ஆக, உயிரோடிருக்க வேண்டுமானால் தினமும் அதைக் கடந்தே ஆகவேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் இளசுகள் ஓடிப்போய்விடுவார்கள். வயதானவர்கள் பாதி தூரம் போவதற்குள் விளக்கு மாறிவிடும். நடுவில் ஒரு குறுகலான திட்டு. இரண்டு பக்கமும் லாரி சீறிக்கொண்டு போக, அதில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தொண்ணூற்றைந்து பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இல்யாவ் அங்கே அடிபட்டுச் செத்தார். எழுபத்தொன்பது வயது. அந்தக் குடியிருப்பில் எந்தக் கல்யாணமாக இருந்தாலும் டோய்ரா மேளம் அடித்தவர் அவர்தான். புலோரின் கல்யாணத்துக்கும், அங்கே தாஷ்கெண்டில், அவர்தான் அடித்தார். சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியவர், திட்டை அடைய நாலு அடி இருக்கும்போது விளக்கு மாறிவிட்டது.

ஏழாம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு நூறு பேர் கூடினார்கள். பூண்டு போட்ட மீன், பலாவ், முள்ளங்கி, உலர்திராட்சை என்று மேசை நிறைந்திருந்தது. ஒவ்வொருவராக எழுந்து இல்யாவைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஜெப ஆலயச் சபைத் தலைவர் ரூபின் கலந்தாரோவ் எழுந்தார். மரியாதைப்பட்ட மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமலே எழுபது வயதைத் தொட்டவர்.

"என்ன பண்றது, அவருக்கு எழுதினது அவ்வளவுதான். ஆண்டவன் கூப்ட்டுக்கிட்டான்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து புலோர் எழுந்தாள். "தலைவரே, ஆண்டவன் மேல பழி போடாதீங்க. இது விளக்கு பண்ணின வேலை."

நிசோன் குனிந்து தட்டைப் பார்த்தான்.

"நான் பத்தொம்பது வருஷம் வண்டி ஓட்டினவ. ஒரு கெழவர் ரோட்டத் தாண்ட எவ்ளோ நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த விளக்கு அவ்ளோ நேரம் எரியல. நம்மள ஓடச் சொல்லுது. எழுபத்தொம்பது வயசுல ரொட்டி மூட்டையோட யார் ஓடுவா?"

"இருக்கட்டும்மா. நாம வந்து மூணு வருஷம்கூட ஆகல. விருந்தாளி மாதிரி இருக்கோம். வந்த எடத்துல கொறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

"விருந்தாளியா? எந்த ஊர்ல தலைவரே விருந்தாளி வாடகை குடுக்கறான்?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது நிசோன் கேட்டான், "எல்லார் முன்னாடியும் அவர அப்படிக் கேக்கணுமா?" புலோர் சொன்னாள்: "அவர் எல்லார் முன்னாடியும்தானே சொன்னாரு?"

மறுநாள் லூபாவின் கல்லூரித் தோழியிடம் ஒரு ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கினாள். விளக்கை அளந்தாள். முப்பத்திரண்டு விநாடி. அடுத்து ஆட்களை அளந்தாள். கட்டிடத்திலிருந்த வயதானவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு கடந்தாள். போலந்திலிருந்து வந்தவர்கள், கொலம்பியாக்காரர்கள், சீனக் கிழவர்கள் என்று யாரையும் விடவில்லை. பேர், வயது, கைத்தடி உண்டா, திட்டில் நின்ற நேரம் போக எத்தனை விநாடி, எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ரஷ்ய எழுத்தில் எழுதினாள். சனிக்கிழமை ஓய்வுநாள், எழுதக் கூடாது, கடிகாரத்தை அமுக்கவும் கூடாது. அன்றைக்கு மட்டும் மனதுக்குள் எண்ணிவைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து நட்சத்திரம் தெரிந்த பிறகு எழுதுவாள். மூன்று வாரத்தில் நாற்பத்தாறு பேர். அவர்களில் முப்பத்திரண்டு விநாடிக்குள் தாண்டியவர்கள் ஐந்தே பேர். நாலாவது மாடி மஃப்ரத் அத்தைக்குத்தான் எல்லோரையும்விட அதிக நேரம் ஆனது. எண்பத்து நாலு வயது, கைத்தடி, அறுபத்தொரு விநாடி.

"நான் ஜாஸ்தி எடுத்துக்கிட்டேனாடி?" என்று கேட்டாள் மஃப்ரத் அத்தை.

"நீங்க சரியாத்தான் எடுத்துக்கிட்டீங்க அத்தை. விளக்குதான் கம்மியா எடுத்துக்குது."

அளந்தால் மட்டும் போதாது என்று புலோருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியங்களில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சிவப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு லுஸ் மரினா, கொலம்பியாக்காரி. இவள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது இவளுக்குப் புரியாது, ஆனால் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பச்சை எரிந்ததும் வயதானவர்களை மொத்தமாக இறக்கிவிடுவார்கள். விளக்கு மாறினால் புலோர் முதல் தடத்தில் போய் நின்று வலது கையை உயர்த்துவாள். அவ்வளவுதான். ஒலிப்பான் அலறும். அவள் ஓட்டுநரை ஒரு பார்வை பார்ப்பாள். டிராலிபஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழகிய பார்வை. வண்டி நின்றுவிடும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு போலீஸ்காரர் வந்தார். கப்ரேரா என்று சட்டையில் பேர் இருந்தது. கண்ணில் அசதி தெரிந்த மனிதர்.

"அம்மா, ரோட்ட மறிக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

புலோரிடம் அப்போது இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான். அத்தனையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நான் டிரைவர். பத்தொம்பது வருஷம். ஒரு சாவு இல்ல. இங்க, மூணு வருஷம். நாலு சாவு."

"அதுக்காக நீங்க நடு ரோட்டுல நிக்கலாமா? உங்கள அரெஸ்ட் பண்ணவேண்டியிருக்கும்."

"பண்ணு. ஆனா மொதல்ல அவங்க." அவள் ஓரத்தைக் காட்டினாள். ஒன்பது பேர் ரொட்டிப் பையோடும் மீன் பையோடும் வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் மஃப்ரத் அத்தை.

கப்ரேரா அந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு போய்த் தன் காரைக் குறுக்கே நிறுத்தி, மேலே விளக்கைச் சுழலவிட்டார். "கூட்டிட்டுப் போங்க. சண்டைய அப்புறம் வச்சிக்கலாம்."

எல்லோரும் கடந்த பிறகு சண்டை வரவில்லை. ஒரு துண்டுத்தாள்தான் வந்தது. அதில் ஒரு பள்ளிக்கூடத்தின் முகவரியும், மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்றும் எழுதியிருந்தார். "வட்டாரக் குழு அங்கதான் கூடும். யார் வேணா பேசலாம். ஆளுக்கு மூணு நிமிஷம். இங்க என்கிட்ட கத்தறத அங்க போய்க் கத்துங்க, அங்க கேட்டாகணும்."

லூபா வரமாட்டேன் என்றாள். "அம்மா, இது தாஷ்கெண்ட் இல்ல. அங்க எல்லாரும் படிச்சவங்க. நீ பேசி, நான் அத மொழிபெயர்த்து, மானம் போயிடும்."

"என் மானம்தானே? அத நான் பாத்துக்கறேன். நீ வார்த்தைய மட்டும் பாத்துக்க."

பள்ளிக்கூட அரங்கில் அன்றைக்கு அறுபது பேர் இருந்தார்கள், அதில் முப்பத்தைந்து பேர் புலோர் கூட்டி வந்தவர்கள். கையில் இருந்த மனுவில் மூன்று மொழியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். டங்கன் என்று பேர், ஒல்லியான மனிதர், நல்லவராகத்தான் தெரிந்தார். புலோர் தன் நோட்டைத் திறந்து நாற்பத்தாறு பேரையும் வாசித்தாள். மணி அடித்தபோது முப்பத்தொன்றாவது ஆளில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த லுஸ் மரினா தன் மூன்று நிமிடத்தை அவளுக்குக் கொடுத்தாள்.

டங்கன் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு சராசரி ஆள் விநாடிக்கு நாலு அடி நடக்கிறான், அதை வைத்துத்தான் விளக்கின் நேரம் கணக்கிடப்படுகிறது, ஆகவே இங்கே தவறு ஒன்றும் இல்லை.

லூபா மொழிபெயர்த்தாள். புலோர் கேட்டாள்: "யாரு அந்தச் சராசரி ஆள்? எந்தக் கட்டிடத்துல இருக்கான்? எங்க கட்டிடத்துல ஆறு மாடியும் எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தன் இல்ல."

லூபா தயங்கி, "சராசரி என்பது எங்கள் பகுதிக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்று அம்மா கருதுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஆங்கிலம் ஒரு கைப்பிடியாக இருந்தாலும் வாக்கியத்தின் நீளம் புலோருக்குத் தெரியாதா? "நான் சொன்னதச் சொல்லு. நீ நெனச்சதச் சொல்லாத."

லூபாவின் முகம் சிவந்தது. பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, தலையை நிமிர்த்தி, அம்மா சொன்னதை அப்படியே, அம்மாவின் குரலிலேயே சொன்னாள். அரங்கம் சிரித்தது. டங்கனும் சிரித்தார். அந்த நிமிடத்தோடு லூபாவின் பயம் போய்விட்டது.

"சரி, ஒரு வழி இருக்கு" என்றார் டங்கன். "கம்பத்துல பொத்தான் வைக்கிறோம். வயசானவங்க அத அமுக்கினா கூடுதல் நேரம் கெடைக்கும்."

முப்பது தலைகள் ஒரே நேரத்தில் ஆடின, இல்லை என்று. புலோர் சொன்னாள்: "ஐயா, சனிக்கிழமை நாங்க பொத்தான் அமுக்க மாட்டோம். விளக்கப் போட மாட்டோம், அடுப்பப் பத்தவைக்க மாட்டோம். ஆனா நடப்போம். வாரத்துலயே சனிக்கிழமைதான் ஜாஸ்தி நடப்போம், வண்டில ஏற மாட்டோம்ல. அன்னிக்கு மட்டும் நாங்க சாகலாமா?"

டங்கன் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். இது யாரும் தன்னிடம் சொல்லாத விஷயம் என்றார்.

"சொல்லாதது இன்னும் நெறைய இருக்கு. ஒரு நாள் வாங்க. நடந்து பாருங்க. டீ நான் போடறேன்."

அவர் உண்மையாகவே வந்தார், அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. புலோர் அவர் கையை எடுத்து மஃப்ரத் அத்தையின் கையில் வைத்தாள். "இவங்களோட போங்க. இவங்க வேகத்துலதான் போகணும். இழுக்கக் கூடாது."

பச்சை எரிந்தது. அத்தை கைத்தடியை ஊன்றி இறங்கினாள். அவள் அவசரப்படவில்லை. நாலாவது தடத்தில் நின்று, டங்கனை மேலும் கீழும் பார்த்து, பின்னால் வந்த லூபாவிடம் கேட்டாள்: "ஆள் நல்லாத்தான் இருக்கான். கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளுடி."

"அத்தை! நடங்க!"

"கேட்டா என்ன? உனக்காகத்தானே கேக்கறேன்."

விளக்கு மாறியபோது அவர்கள் திட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு தடம் தள்ளி இருந்தார்கள். டங்கனின் தலை நாலா பக்கமும் திரும்பியது. அவர் அத்தையைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு திட்டில் ஏறினார். ஒரு குப்பை லாரி போன காற்றில் அவர் தொப்பி பறந்து மூன்றாவது தடத்தில் விழுந்தது. அதன் மேல் ஏழெட்டு வண்டி ஏறிப்போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பச்சைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தத் திட்டில் அத்தையின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு அவர் நின்ற விதத்தை இந்தப் பக்கத்திலிருந்து புலோர் பார்த்தாள். தன் வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

வீட்டில் பச்சைத் தேநீரும் வீட்டு ரொட்டியும் வைத்தாள். டங்கன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்த நோட்ட எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"பிரதி எடுத்துத் தரேன். நோட்டு என்கிட்டதான் இருக்கும்."

ஏழு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு கடிதம், மூன்று கூட்டம், ஒரு பத்திரிகைக்காரர். அக்டோபரில் விளக்கின் நேரத்தைக் கூட்டினார்கள். சனிக்கிழமையும் சேர்த்து, பொத்தான் இல்லாமல், அறுபது விநாடி. அடுத்த கோடையில் திட்டை அகலமாக்கிச் சுற்றிலும் கம்பி வைத்தார்கள். அறுபது என்று கேட்டதும் புலோர் விடவில்லை. உடனே டங்கனுக்குத் தொலைபேசியில் பேசினாள்: "மஃப்ரத் அத்தைக்கு அறுபத்தொண்ணு ஆகுது, நோட்டுல இருக்கே, பாக்கலியா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அவள் கையைத் தட்டினாள். "விட்றி. அந்த ஒரு விநாடிய நான் பாத்துக்கறேன்."

சபையில் அந்த மாதம் ரூபின் கலந்தாரோவ் எழுந்து பேசினார். தான் ஏழாம் நாள் சாப்பாட்டில் சொன்னது தப்பு என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு புலோரைப் பார்த்து, "இப்ப என் வீட்டு முக்குல இருக்கற விளக்கையும் கொஞ்சம் பாக்கறியாம்மா? அது இருபத்தெட்டுதான் எரியுது" என்றார். அதற்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

டங்கனோடும் கூட்டங்களோடும் மல்லுக்கட்டியதில் புலோரின் ஆங்கிலம் வளர்ந்திருந்தது. இலக்கணம் வரவில்லை, ஆனால் யாரும் அவளைத் திரும்பச் சொல்லச் சொல்வதில்லை. தொண்ணூற்றெட்டில், ஐம்பது வயதில், பஸ் ஓட்டுநர் தேர்வு எழுதினாள். முதல் முறை எழுத்துத் தேர்வில் தோற்றாள். "கேள்வி தப்பு" என்றாள். இரண்டாம் முறை தேறினாள். வண்டி ஓட்டும் தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி பாதியிலேயே குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். டெப்போவில் அவளிடம் சனிக்கிழமை வேலை பற்றிக் கேட்டார்கள். தாஷ்கெண்டில் சனிக்கிழமையும் ஓட்டியிருக்கிறாள், அங்கே அதைக் கேட்கவும் வாய் கிடையாது. இங்கே அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை குடுங்க, கிறிஸ்துமஸ் குடுங்க, புது வருஷம் குடுங்க. யாரும் எடுக்காத நாள் எல்லாம் எனக்குக் குடுங்க. சனிக்கிழமை மட்டும் என்னைக் கேக்காதீங்க." மேலாளர் தன் அட்டவணையைப் பார்த்து உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கு லாபம்தான்.

பஸ்ஸில் போட்டு உட்கார அவளுக்கு நிசோன் பூப்போட்ட ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தான். முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களிடம், "என் பொண்டாட்டி பஸ் ஓட்டறா" என்று அவனே பேச்சை ஆரம்பிப்பான். கழுத்தில் கத்தியிருக்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

குடியுரிமை கிடைத்த வருடம் அவளை வட்டாரக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தார்கள். மூன்று நிமிடம் கேட்டு நின்ற அதே அரங்கில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பேச வருகிறவர்கள் தடுமாறினால், "மெதுவா, மெதுவா, எங்களுக்கு வேற வேலை இல்ல" என்பாள். மணியடிக்கிறவர் அவளைப் பார்த்துவிட்டுத்தான் மணியைத் தொடுவார். லூபா செவிலியரானாள், ஒரு கண் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு குழந்தை பெற்றாள். மஃப்ரத் அத்தை தொண்ணூற்றொரு வயதுவரை இருந்தாள், தன் படுக்கையிலேயே, காலைத் தேநீருக்குப் பிறகு போய்ச் சேர்ந்தாள்.

புலோர் அறுபத்தாறு வயதில் ஓய்வுபெற்றாள். வீட்டில் இருப்பாள் என்று நிசோன் நினைத்தான். அவளோ போன மாதம்கூட நகரசபை ஆளை வரவழைத்து, மருத்துவமனை எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தாள். அங்கே உட்கார பெஞ்சு இல்லை. அந்த ஆள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். புலோர் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே, பெஞ்சு எத்தனை அடி நீளம் வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.